போர்மட் செய்தும் திரும்பி வரும் தேடல் திருடன்: ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

களுவாஞ்சிகுடியில் கொமினிகேஷன் நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. கடைக் கணினியில் குரோம் உலாவியைத் திறந்து எதைத் தேடினாலும், பெயர் தெரியாத ஒரு தளம் ஒரு கணம் தோன்றி மறைந்து, கடைசியில் யாஹூவின் தேடல் பக்கத்தில் போய் நிற்கிறது. திரையின் வலது மூலையில் ‘உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன’ என்று ஆங்கிலத்தில் அறிவித்தல்களும் வந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் கொடுத்து விண்டோஸை முழுமையாகப் போர்மட் செய்து எடுத்த பிறகு இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள், பழைய புக்மார்க்குகள் தேவைப்பட்டதால் குரோமில் தமது கூகுள் கணக்கைத் திறந்தார். அன்று பின்னேரமே தேடல் மீண்டும் யாஹூவுக்குப் போகத் தொடங்கிவிட்டது. மூலை அறிவித்தல்கள் மட்டும் திரும்பவில்லை. இப்போது ஹார்ட் டிஸ்க்கை மாற்றச் சொல்கிறார்களாம், மாற்றலாமா?

மாற்ற வேண்டாம், தம்பி. நீங்கள் எழுதியதன் கடைசிப் பகுதியிலேயே விடை முக்கால்வாசி இருக்கிறது. போர்மட் என்பது விண்டோஸ் இருக்கும் பகுதியில் உள்ளதை அழிக்கும். கூகுள் கணக்கில் சேமித்து வைக்கப்பட்டிருப்பதையோ, வைஃபை தரும் ரவுட்டருக்குள் மாற்றப்பட்டிருக்கும் அமைப்பையோ, டீ டிரைவிலும் பென் டிரைவிலும் பத்திரமாகக் கிடக்கும் பழைய நிறுவற் கோப்புகளையோ அது தொடாது. இதை நானும் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆரையம்பதியில் ஓர் ஆசிரியையின் மடிக்கணினியை இரண்டு தடவை போர்மட் செய்து, இரண்டு தடவையும் கூலி வாங்கி, மூன்றாம் தடவை அவர் அதைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோதுதான், எங்கே குறை இருக்கிறது என்று பார்க்காமலேயே அழித்துக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது.

முதலில், இதைச் செய்பவனுக்கு என்ன லாபம் என்பதை அறிந்துகொண்டால் மற்றவை விளங்கும். தேடுபொறிகள் தமது தேடல் பக்கத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் தளங்களுக்கு, அந்தப் பக்கத்து விளம்பரங்களால் வரும் வருமானத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதுண்டு. உலாவியைக் கடத்தும் நிரல் செய்வது இந்தத் தரகு வேலையைத்தான்: நீங்கள் தட்டிய சொல்லைத் தன் தளத்தின் ஊடாக ஒரு சுற்று சுற்றவிட்டு, பிறகு யாஹூவிலோ பிங்கிலோ கொண்டுபோய் விடுகிறது. நடுவில் ஒரு கணம் தோன்றி மறைந்த பெயர் தெரியாத தளம் தரகனுடையது. ஆகவே கடைசியில் யாஹூ வருகிறது என்பதற்காக யாஹூவைக் குற்றம் சொல்வதற்கில்லை. அதை அன்இன்ஸ்டோல் செய்யத் தேடி அலைவதிலும் பயனில்லை. ஆனால் தேடலை மட்டும் திருடுகிறது, வேறு தீங்கில்லை என்று விட்டுவிடவும் முடியாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எதையும் அழிப்பதற்கு முன் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். ஒன்று, அதே கணினியில் எட்ஜ் உலாவியைத் திறந்து தேடுங்கள். இரண்டு, குரோமிலேயே மறைநிலைச் சாளரத்தில், அதாவது இன்கொக்னிட்டோவில் தேடுங்கள். எக்ஸ்டென்ஷன்கள், அதாவது உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு துணை நிரல்கள், நீங்களாக அனுமதி கொடுத்திருந்தாலன்றி அங்கே இயங்காது. மூன்று, கடை வைஃபையைத் துண்டித்துவிட்டு, கைத்தொலைபேசியின் டேட்டாவை ஹொட்ஸ்பொட் ஆக்கி அதன் வழியாகக் கணினியில் தேடுங்கள். நான்கு, கைத்தொலைபேசியைக் கடை வைஃபையில் இணைத்து அதில் தேடுங்கள். குரோமில் மட்டும் வந்து, மறைநிலையில் வராவிட்டால் எக்ஸ்டென்ஷன். எல்லா உலாவிகளிலும் வந்து, ஹொட்ஸ்பொட்டிலும் தொடர்ந்தால் விண்டோஸுக்குள் எங்கோ. ஹொட்ஸ்பொட்டில் நின்றுபோய், வைஃபையில் கைத்தொலைபேசியையும் சேர்த்துத் தாக்கினால் ரவுட்டர். காய்ச்சல் என்றதும் மருந்து கொடுக்காமல் நாடி பார்ப்பதைப் போன்றது இது.

மூலை அறிவித்தல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் ஆட்களை அதிகம் வெருட்டுவதும் அதுதான், திருத்துவதற்கு மிக இலகுவானதும் அதுதான். பெரும்பாலும் அது வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளத்தில் ‘நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிப்படுத்த அலவ் என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டபோது யாரோ அழுத்தியிருக்கிறார்கள். அந்தத் தளம் அன்றிலிருந்து, உலாவி தரும் சட்டபூர்வமான அனுமதியோடு, விளம்பரம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி, அதனுள் சைட் செட்டிங்ஸ், அதனுள் நோட்டிபிகேஷன்ஸ் என்ற இடத்தில் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறியாத பெயர்களையெல்லாம் நீக்கினால் முடிந்தது. உங்கள் கணினியில் அந்த அனுமதி போர்மட்டோடு அழிந்துவிட்டது. அதனால்தான் அறிவித்தல் திரும்பவில்லை.

இனி எக்ஸ்டென்ஷன் விடயம். குரோமின் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, உங்களுக்கு இன்றியமையாதது தவிர மற்ற அனைத்தையும் நீக்குங்கள். ‘பீடீஎப் மாற்றி’, ‘புதிய டெப் அலங்காரம்’, ‘வீடியோ டவுன்லோடர்’ போன்ற பெயர்களில் வருபவற்றை நான் முதலில் சந்தேகிப்பேன். முன்பு நல்லதாக இருந்தது என்பதும் உத்தரவாதமல்ல. நினைவகத்தைச் சேமிப்பதற்காக இலட்சக்கணக்கானோர் பயன்படுத்திய த கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் 2020இல் வேறொருவருக்குக் கைமாறியது. புதிய உரிமையாளரின் கீழ் அதில் தீங்கான நிரல் சேர்க்கப்பட்டதாகக் கண்டு 2021 பெப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. எக்ஸ்டென்ஷன்களை நீக்கியபின், சேர்ச் என்ஜின், ஒன் ஸ்டார்ட்டப் ஆகிய இரண்டு அமைப்புகளையும் பார்த்து, அங்கே எஞ்சியிருக்கும் அந்நிய முகவரிகளையும் அகற்ற வேண்டும்.

சிலவேளை நீக்கும் பொத்தானே இருக்காது. ‘உங்கள் நிர்வாகியால் நிறுவப்பட்டது’ என்ற குறிப்பு இருக்கும். குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்றும் ஒரு வரி தெரியும். கடையில் இருப்பது நீங்கள் ஒருவர்தான், எந்த நிறுவனம் நிர்வகிக்கிறது? பெரிய அலுவலகங்கள் தமது நூற்றுக்கணக்கான கணினிகளில் ஒரே எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவுவதற்கென்று குரோம் வைத்திருக்கும் கொள்கை வசதியைத் திருடன் தன் கையில் எடுத்திருக்கிறான் என்பது இதன் பொருள். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் regedit என்று தட்டி, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியின் எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின் என்று முடியும் பெரிய கிளையில் சொப்ட்வெயர், அதனுள் பொலிசீஸ், அதனுள் கூகுள், அதனுள் குரோம் என்று இறங்கினால், எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டோல் போர்ஸ்லிஸ்ட் என்ற பெயரில் ஓர் உறை இருக்கும். அதற்குள் 32 ஆங்கில எழுத்துகள் தொடர்ச்சியாக, எந்தச் சொல்லாகவும் சேராமல் நிற்கும் ஒரு வரி தெரியும். அதுதான் அந்த எக்ஸ்டென்ஷனின் அடையாளம். முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அந்த உறையை அழித்துக் கணினியை மீண்டும் இயக்குங்கள். கரன்ட் யூசர் கிளையிலும் இதே பாதையைப் பாருங்கள். பாடசாலைக் கணினியிலோ அலுவலகக் கணினியிலோ இதைச் செய்யாதீர்கள். அங்கே அந்தக் கொள்கை உண்மையாகவே நிர்வாகி இட்டதாக இருக்கலாம். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் இந்த வரியைத் தோன்றச் செய்வதுண்டு.

அழித்த எக்ஸ்டென்ஷன் சற்று நேரத்தில் தானாகவே முளைக்கிறது என்றால், அதை மறுபடி நடுவதற்கு யாரோ ஒழுங்கு செய்திருக்கிறார்கள். 2022இன் தொடக்கத்தில் பரவிய குரோம்லோடர் என்ற தீய நிரல் இப்படிப்பட்டதே. திருட்டு மென்பொருள், திருட்டுக் கேம் என்ற வேடத்தில் ஐஎஸ்ஓ கோப்பாக வந்து, குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணியைப் பதிந்து, கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல் மூலம் எக்ஸ்டென்ஷனை ஏற்றிக்கொண்டிருந்தது. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, ஒவ்வொரு பணியும் எதை இயக்குகிறது என்று ஆக்ஷன்ஸ் பகுதியில் பாருங்கள். பவர்ஷெல் என்ற பெயரும் அதன் பின்னால் வாசிக்க முடியாத நீண்ட எழுத்துக் கோவையும் இருந்தால் அதுதான் திருடன், சந்தேகமே வேண்டாம்.

எல்லா உலாவிகளிலும் குறை இருந்தால் இன்னும் மூன்று இடங்கள். டெஸ்க்டொப்பில் உள்ள குரோம் படத்தில் வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ் எடுத்தால் டார்கெட் என்ற நீண்ட பெட்டி இருக்கும். குரோம் கோப்பின் பெயரோடு அது முடிய வேண்டும். அதற்குப் பின்னால் இடைவெளி விட்டு ஓர் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் அழியுங்கள். பெட்டி சிறியது என்பதால் வரியின் வால் கண்ணில் படாது. உள்ளே கிளிக் செய்து எண்ட் விசையை அழுத்திப் பாருங்கள். டாஸ்க்பாரில் குத்தியிருக்கும் படம் தனியானது, அதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது, செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதியிலுள்ள புரொக்ஸி, அதாவது இணையப் போக்குவரத்தை வேறொரு கணினியின் ஊடாக அனுப்பும் அமைப்பு. நீங்கள் வைக்காத செட்டப் ஸ்கிரிப்ட் அல்லது புரொக்ஸி முகவரி இருந்தால் நிறுத்துங்கள். மூன்றாவது, சிஸ்டம்32 உறையினுள் டிரைவர்ஸ், அதனுள் ஈடிசி என்ற இடத்தில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு; எந்தத் தளப் பெயர் எந்த எண் முகவரிக்குப் போக வேண்டும் என்று இதில் எழுதி வைக்கலாம். நோட்பேடை நிர்வாகியாக இயக்கித் திறந்தால், விண்டோஸ் தந்த நிலையில் எல்லா வரியும் ஹேஷ் (#) குறியோடு தொடங்கும். அந்தக் குறி இல்லாமல் கூகுளின் பெயரோ வங்கியின் பெயரோ இருக்குமானால் அது அந்நியம்.

இப்போது உங்கள் நிலைக்கு வருகிறேன். ரெஜிஸ்ட்ரியில் இருந்ததும் டாஸ்க் ஷெட்யூலரில் இருந்ததும் போர்மட்டோடு போயிருக்க வேண்டும். இரண்டு நாள் நன்றாக இருந்தது அதற்குச் சான்று. கூகுள் கணக்கைத் திறந்த அன்றே திரும்பியது என்றால், ஒத்திசைவு, அதாவது சின்க் வழியாக வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். குரோம் வெப் ஸ்டோரிலிருந்து நிறுவிய எக்ஸ்டென்ஷன்களையும் பல அமைப்புகளையும் குரோம் உங்கள் கணக்கில் நினைவு வைத்திருக்கும். புதிய கணினியில் உள்நுழைந்ததும் விசுவாசமான வேலையாள்போல எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பும், திருடனையும் சேர்த்து. எனவே சின்க்கை நிறுத்துங்கள். வீட்டு மடிக்கணினியிலும் அதே கணக்கு திறந்திருந்தால் அங்கேயும் நிறுத்துங்கள். இரண்டிலும் எக்ஸ்டென்ஷனையும் தேடுபொறி அமைப்பையும் துப்பரவாக்குங்கள். பிறகு கூகுள் கணக்கின் குரோம் ஒத்திசைவுத் தரவுப் பக்கத்துக்குப் போய், அடியில் உள்ள, தரவை அழிக்கும் பொத்தானை அழுத்துங்கள். சேவையகத்தில் இருக்கும் பிரதி மட்டுமே அழியும், கணினியில் உள்ள புக்மார்க்குகள் அப்படியே இருக்கும். ஆயினும் அவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வைப்பது நல்லது. அதன் பின்னரே சின்க்கை மறுபடி தொடங்கலாம். ஆரையம்பதி ஆசிரியையின் மடிக்கணினியிலும் நடந்தது இதுவே. அவரது மகனின் கணினியில் அதே கணக்கு திறந்திருந்தது.

சோதனை ரவுட்டரைக் காட்டினால் வழி வேறு. கல்லடியில் ஒரு வீட்டில் மூன்று கைத்தொலைபேசிகள், ஒரு மடிக்கணினி, நான்கிலும் விளம்பரத் தளங்கள் பாய்ந்துகொண்டிருந்தன. ஆளாளுக்கு மற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியிலிருந்த ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருந்த நிர்வாகக் கடவுச்சொல்லை வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. உள்ளே போனால் டீஎன்எஸ் என்ற இடத்தில், இணைய நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத இரண்டு எண்கள். டீஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை; தபாற்காரனுக்கே பொய் விலாசம் கொடுத்துவிட்டால் வீட்டுக்குள் யாரைச் சோதித்து என்ன? இது புதிய உத்தியுமல்ல. டீஎன்எஸ்சேஞ்சர் என்ற நிரலால் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகளை இவ்வாறு திசைதிருப்பிய கும்பலைச் சேர்ந்த எஸ்தோனியர் அறுவர் கைதானதை அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் அறிவித்தது. அவர்களுடைய சேவையகங்களை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டோருக்கு இணையமே இல்லாமல் போகும் என்பதால், நீதிமன்ற உத்தரவின்படி மாற்றுச் சேவையகங்களை 2012 ஜூலை 9 வரை இயக்க நேர்ந்தது. பரிகாரம்: ரவுட்டரின் பின்னாலுள்ள சிறு துளையில் ஊசியை அழுத்தி ரீசெட் செய்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி, அதன் மென்பொருளைப் புதுப்பிப்பது. ரீசெட் செய்தால் இணைய இணைப்பின் பயனர் விபரத்தை மறுபடி இட வேண்டிவரலாம். முதலில் நிறுவனத்திடம் கேட்டுக் குறித்து வையுங்கள். இடையில், சான்றிதழ் பிழை என்று உலாவி எச்சரிக்கைப் பக்கம் காட்டினால் ‘தொடர்க’ என்பதை அழுத்தவே கூடாது.

சிலசமயம் உங்கள் பக்கம் எந்தக் குறையும் இராது. 2021 பெப்ரவரி 6 அன்று கூகுளின் இலங்கை முகவரி உட்பட எல்கே (.lk) என்று முடியும் சில முகவரிகளைத் திறந்தவர்கள், நாட்டின் பிரச்சினைகளைப் பேசும் வேறொரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிழை பெயர்ப் பதிவு மட்டத்தில் இருந்தது. அன்று யாராவது போர்மட் செய்திருந்தால் வீண். ஒரு குறிப்பிட்ட தளத்தில் மட்டும், எல்லாக் கருவிகளிலும் இப்படி நடந்தால் அந்தத் தளமே ஊடுருவப்பட்டிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

துப்பரவாக்கும் கருவிகளில், நிறுவத் தேவையில்லாத அட்வ்கிளீனரும் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிபெண்டரின் ஓப்லைன் ஸ்கேனும் உங்களுக்குப் போதும். பின்னது கணினியை மீண்டும் இயக்கி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்னரே தேடும். ஏறத்தாழ 15 நிமிடம் எடுக்கும். அட்வ்கிளீனரை அதன் உரிமையாளரான மால்வெயர்பைட்ஸின் தளத்திலிருந்தே எடுங்கள். திருடனால் கடத்தப்பட்ட அதே உலாவியில் ‘வைரஸை அகற்றுவது எப்படி’ என்று தேடி, முதலில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்து இரண்டாவது திருடனை வீட்டுக்குள் விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். குரோமுக்குள்ளேயே இருந்த துப்பரவுக் கருவியைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய குறிப்புகளைத் தேட வேண்டாம். கூகுள் அதை 2023இல் நிறுத்திவிட்டது.

எப்படி வந்தது என்பதையும் ஊகிக்கலாம். நம் பக்கத்துக் கொமினிகேஷன்களில் நான் பார்த்தவரை பெரிய வாசல்கள் மூன்று. பாமினி எழுத்துருவைத் தேடிப் போய், பக்கத்தின் நடுவில் பச்சை நிறத்தில் பெரிதாக நிற்கும் பொய்யான டவுன்லோட் பொத்தானை அழுத்துவது. உண்மையான இணைப்பு அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒதுங்கி நிற்கும். கேட்டது எழுத்துரு, வந்தது நிறுவற் கோப்பு என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். அடுத்தது, சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் கடந்தகால வினாத்தாள்களைத் தேடி வரும் பிள்ளைகள். கடைசியாக, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், விண்டோஸையும் ஒபிஸையும் காசில்லாமல் இயங்கச் செய்யும் அக்டிவேட்டர். அதை இயக்குவதற்காக வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள், நாமும் நிறுத்துவோம். போர்மட் செய்தவரின் பென் டிரைவில் அந்தக் கோப்பு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஒபிஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய லிப்ரே ஒபிஸ் இலவசம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன்.

தேடலை மட்டும் திருடுகிறது என்று விட்டுவிட முடியாது என்றேன். ‘எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவை வாசிக்கவும் மாற்றவும்’ என்ற அனுமதியைப் பெற்ற எக்ஸ்டென்ஷனால், நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையும் பார்க்க முடியும். உங்கள் கணினியில் நீங்கள் மட்டுமா தட்டினீர்கள்? வேலை விண்ணப்பம் அனுப்ப வந்தவர், மின்னஞ்சல் திறந்தவர், வங்கிக் கணக்கைப் பார்த்தவர் என்று எத்தனை பேர். உங்கள் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்த நாட்களில் கணினியைப் பாவித்த, உங்களுக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களுக்கும் மாற்றும்படி சொல்லிவிடுங்கள். சங்கடமான பேச்சுத்தான், ஆனால் சொல்லாமல் விட்டால் அது உங்கள் மேல் வரும். பணம் போயிருந்தால் முதலில் வங்கி, பிறகு, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிப்பதற்காக 2006 முதல் இயங்கும் இலங்கை சேர்ட் (CERT) அமைப்பு. அதன் தொலைபேசி எண் 101. இனிமேல் வாடிக்கையாளருக்குக் குரோமின் கெஸ்ட் சாளரத்தையே திறந்து கொடுங்கள். அங்கே எக்ஸ்டென்ஷன் இயங்காது, மூடியதும் அவர் பார்த்த எதுவும் மிஞ்சாது, உங்கள் கணக்கும் அவர் கையில் அகப்படாது.

இன்று கடை பூட்டுவதற்கு முன் சின்க்கை நிறுத்திவிட்டு, அந்த நான்கு சோதனைகளையும் செய்து பாருங்கள். எட்ஜில் வந்ததா, ஹொட்ஸ்பொட்டில் நின்றதா என்ற இரண்டு விடைகளை மட்டும் எழுதினால், மிகுதியை அங்கிருந்து பார்க்கலாம்.